எலாஸ்டிக் இரண்டு தெரு தள்ளி இருந்தது

கேள்வி: திருப்பூரில் 32 தையல் மெஷின் வைத்து பனியன் கம்பெனி நடத்துகிறோம். நானும் என் கணவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். நூலை நாங்களே வாங்கி, நிட்டிங்கும் டையிங்கும் வெளியில் கொடுத்து, துணியாக எடுத்துத் தைத்து அனுப்புகிறோம். போன சீசனில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்குக் குழந்தைகள் பைஜாமா 9,000 பீஸ் ஆர்டர். எலாஸ்டிக்கை எப்போதும் ஒருவரிடம்தான் வாங்குவோம். அவருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எட்டு நாள் பட்டறை பூட்டிக் கிடந்தது. வேறு இடத்தில் கேட்டால், அந்த அகலத்தில் அந்த இழுவையில் ஓட்டித் தரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். வெட்டிய துணி மேசையில் கிடக்க, டெய்லர்கள் பாதிப் பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தாமதத்துக்காக பில்லில் பெரிய தொகையைப் பிடித்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு தெரு தள்ளி இருக்கும் கம்பெனியில் அதே எலாஸ்டிக் நாற்பது ரோல் சும்மா கிடந்திருக்கிறது. அதிலிருந்து ஐந்து கம்பெனிக்காரர்கள் சேர்ந்து பேசி வருகிறோம். ஆளுக்கு ஐந்து லட்சம் போட்டு ஒரு நிறுவனம் ஆரம்பித்து நூலை மொத்தமாக வாங்கலாம் என்கிறார்கள். என் கணவரோ, ‘கூட்டு வச்சா கடைசியில பகைதான் மிஞ்சும், நம்ம பார்ட்டியையும் தட்டிட்டுப் போயிருவாங்க’ என்கிறார். பார்ட்டி என்று அவர் சொல்வது எங்களுக்கு ஆர்டர் தருபவர்களை. எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிகிறது. சேரலாமா, வேண்டாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்)

அன்புள்ள சகோதரிக்கு,

சேருங்கள். ஆனால் அந்த ஐந்து லட்சத்தையும் நூலையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு வந்த நஷ்டத்துக்கும் நூல் விலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பீஸுக்குச் சில ரூபாய்கூட ஆகாத ஒரு சாமான் 9,000 பீஸை நிறுத்தியிருக்கிறது. அந்தச் சாமான் நடந்து போகும் தூரத்தில் இருந்தும் இருக்கிறது. அதை வைத்திருந்தவருக்கு உங்கள் தேவை தெரியவில்லை, உங்களுக்கு அவருடைய கையிருப்பு தெரியவில்லை. முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். இதற்கு முதலீடே தேவையில்லை.

இருபத்திரண்டு வருடம் கொள்முதல் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆர்டர் நிற்பது பெரும்பாலும் சின்ன சாமானில்தான். நூலைப் பற்றி எல்லோரும் ராத்திரி பகலாகக் கவலைப்படுகிறோம், அதனால் நூல் எப்படியாவது வந்துவிடுகிறது. லேபிள், எலாஸ்டிக், நெக் டேப், பட்டன், அட்டைப்பெட்டி இவற்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஒரே ஆளிடம் வாங்குவோம், போன் செய்தால் கொண்டுவந்து போட்டுவிடுவார், அத்தோடு மறந்துவிடுவோம். அந்த ஒரு ஆள் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பதே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பைஜாமாவை மேசையில் விரித்துப் போட்டு, அதில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும், அது கடந்து வந்த ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்கிச் சீராக்குவது), பிரிண்டிங், எலாஸ்டிக், தையல் நூல், லேபிள், அயர்னிங், பாலிபேக். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் போதும்: இப்போது யாரிடம் செய்கிறோம், அவர் நாளைக் காலை கதவைத் திறக்கவில்லை என்றால் அதே தரத்தில் வேறு இடத்திலிருந்து வர எத்தனை நாள் ஆகும். விலையை எழுத வேண்டாம், நாளை மட்டும் எழுதுங்கள். மூன்று நாளைத் தாண்டும் வரிகளைச் சிவப்புப் பேனாவில் சுழியுங்கள். மற்ற நால்வரையும் இதேபோல் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் சிவப்பு வரி இன்னொருவருக்குச் சிவப்பாக இருக்காது. அந்த இடத்தில்தான் நீங்கள் ஒருவருக்கொருவர் உதவ முடியும்.

எல்லா அகல எலாஸ்டிக்கையும் நீங்கள் ஒருவரே பதினைந்து நாள் தேவைக்கு வாங்கி அடுக்கினால் உங்கள் பணம் கோடவுனில் தூங்கும். முப்பது மெஷின் கம்பெனியால் அது முடியாது. ஆளுக்கு ஒரு அகலம் என்று ஐந்து பேர் பிரித்துக்கொண்டால், அவரவர் செலவு ஐந்தில் ஒன்றாகக் குறைந்து, எல்லோருக்கும் எல்லா அகலமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஐந்து பேருக்கும் ஒரே வாரத்தில் ஒரே சாமான் தீர்ந்துபோவது அபூர்வம். தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம் மட்டும் விதிவிலக்கு. அப்போது எல்லோருக்கும் எல்லாமே தேவைப்படும், யாரையும் நம்ப முடியாது. அந்த நாட்களுக்கு அவரவர் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் துளை தைக்கும் காஜா மெஷின், பனியன் துணி தைக்கும் பிளாட்லாக் மெஷின், ஜெனரேட்டர், ஆத்திர அவசரத்துக்கு ஒரு மெக்கானிக் என்று இதே கணக்கு பலவற்றுக்கும் பொருந்தும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி, ஜப்பானில் கரியா என்ற ஊரில், கார் பாகங்கள் செய்யும் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை அளந்து விடும் ஒரு சின்ன வால்வை அங்கேதான் செய்தார்கள். டொயோட்டா கார்களுக்கு ஏறக்குறைய எல்லா வால்வும் அந்த ஓர் ஆலையிலிருந்துதான் போனது. டொயோட்டாவோ கையிருப்பே வைக்காமல் ஓட்டுவதற்குப் பெயர்போன நிறுவனம். சில நாட்களிலேயே ஜப்பானில் இருந்த அதன் ஆலைகள் கிட்டத்தட்ட எல்லாமே நின்றன. அப்போது ஐசின் தன் வால்வின் வரைபடத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சுமார் 200 நிறுவனங்கள் களத்தில் இறங்கின. பிரதர் நிறுவனமும் அதில் ஒன்று. ஆமாம், நம் ஊர் ஷெட்களில் ஓடும் தையல் மெஷினைச் செய்யும் அதே பிரதர்தான். கார் பாகமே செய்தறியாத அவர்கள் ஒரு மெஷினை மாற்றியமைத்து வால்வு செய்து கொடுத்தார்கள். யாரும் முதலில் விலை பேசிக்கொண்டு நிற்கவில்லை. தீப்பிடித்து ஒரு வாரத்துக்குள் கார் ஆலைகள் மறுபடி ஓடத் தொடங்கின.

இது தீப்பிடித்த அன்றைக்கு வந்த நல்லெண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிறுவனங்கள் பல வருடங்களாக ஒருவர் ஆலைக்கு ஒருவர் போய்ப் பார்த்து, பிரச்னைகளைச் சேர்ந்து உட்கார்ந்து பேசிப் பழகியவை. யாரிடம் எந்த மெஷின் இருக்கிறது, யாரால் என்ன முடியும் என்பது முன்பே தெரியும். உங்கள் ஐவருக்கும் அதுதான் முதல் பாடம். மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் கம்பெனியில் கூடுங்கள், அடுத்த மாதம் அடுத்தவர் கம்பெனியில். டீ குடித்துக்கொண்டே ஷெட்டைச் சுற்றி வாருங்கள். இரண்டு தெரு தள்ளிக் கிடக்கும் நாற்பது ரோல் அப்படித்தான் கண்ணில் படும்.

இனி உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்ட்டியைத் தட்டிக்கொண்டு போவது நம் ஊரில் நடக்காத காரியம் இல்லை. அதனால் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள்: பார்ட்டியைத் தொடாத இடங்களில் மட்டும் சேர்வது. பார்ட்டியின் பெயர், ரேட், ஆர்ட்வொர்க் எதுவும் கூட்டத்தில் பேசக்கூடாது. வேலை அதிகமாகி இன்னொருவர் ஷெட்டில் தைக்கக் கொடுத்தாலும், லேபிள் வைப்பதையும் பேக்கிங்கையும் உங்கள் இடத்திலேயே செய்யுங்கள். இந்தக் கூட்டின் மூலம் தெரியவந்த பார்ட்டிக்கு மற்றவர் இரண்டு வருடத்துக்கு ரேட் கொடுக்கக்கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதி நிறுவனத்தின் வேலையாக இருந்தால், அவர்களிடம் சொல்லாமல் இன்னொருவர் ஷெட்டுக்கு ஒரு பீஸைக்கூட அனுப்பாதீர்கள். இதைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆயத்த ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். தங்கள் துணி அந்தக் கட்டடத்தில் தைக்கப்படுவதே சில வெளிநாட்டு பிராண்டுகளுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. தெரியாத இடத்தில் தைப்பதை பையர்கள் இத்தனை கடுமையாகப் பார்ப்பதற்குப் பின்னால் அந்த மரணங்கள் இருக்கின்றன. ஆகவே முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள்: எங்களுக்கு ஆபத்து என்றால் இந்த இரண்டு ஷெட்களில் தைப்போம், இப்போதே வந்து பார்த்து ஒப்புதல் கொடுங்கள். மாற்று ஏற்பாட்டோடு வரும் சின்ன கம்பெனியை ஆர்டரைப் பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கும் நல்ல மெர்ச்சண்டைசர் மதிப்பார். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது அப்படி வந்தவர்கள் மிகக் குறைவு. வந்தவர்களை நான் மறந்ததில்லை.

போட்டியாளர்கள் பார்ட்டியைத் தொடாமல் சேர்வது நமக்குப் புதிது இல்லை என்று உங்கள் கணவருக்கு நினைவுபடுத்துங்கள். 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டதை அவர் பார்த்திருப்பார். துணியை லாரியில் ஏற்றி வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் அனுப்பி சாயம் ஏற்றிக் கொண்டுவந்த மாதங்கள் அவை. அதிலிருந்து மீண்டது எப்படி? ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியாகக் கட்டும் வசதி சிலருக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் பங்குதாரர்களாக நின்று மீண்டார்கள். இன்று 18 பொது நிலையங்கள் ஓடுகின்றன. ஒரே பார்ட்டிக்குப் போட்டி போடும் சாயப்பட்டறைக்காரர்கள் ஒரே குழாயில் தண்ணீரை விடுகிறார்கள். ஆற்றுக்கும், அதன் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயிகளுக்கும் நடந்த கெடுதலுக்குப் பிறகு, நீதிமன்றம் கதவைப் பூட்டிய பிறகுதான் இது முழுமையானது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனாலும் சேர முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சாட்சி வேண்டாம்.

பாகிஸ்தானின் சியால்கோட்டில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். கால்பந்தும் அறுவை சிகிச்சைக் கருவிகளும் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகளின் ஊர் அது. கராச்சி துறைமுகம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அங்குள்ள தொழில்முனைவோர் சேர்ந்து 1980-களில் ஊரிலேயே ஓர் உலர் துறைமுகத்தை, அதாவது கடலுக்குப் போகாமலே சுங்க வேலையை முடித்துச் சரக்கை அனுப்பும் இடத்தை, கொண்டுவந்தார்கள். அப்புறம் தங்களுக்குள் பணம் திரட்டி ஒரு விமான நிலையத்தையே கட்டி 2007-இல் திறந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் யாரும் தங்கள் பார்ட்டியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, நூலுக்கு வருவோம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது உண்மை. ஆனால் கூட்டுக் கொள்முதலில் சண்டை வருவது விலை ஏறும்போது இல்லை, இறங்கும்போது. 2022 மே மாதம் நினைவிருக்கும். 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு ஒரு வருடம் முன்பு ஏறக்குறைய அதில் பாதிதான். ஏப்ரலிலேயே 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு நீக்கியும் நூல் இறங்கவில்லை. ஊரே இரண்டு நாள் கதவடைத்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஆறு கம்பெனிகள், இன்னும் ஏறும் என்ற பயத்தில் சேர்ந்து நூல் புக் செய்தார்கள். அப்படிப் பயந்து புக் செய்தவர்களாலும் விலை ஏறியது என்பது வேறு கதை. அடுத்த சில மாதங்களில் விலை சரிந்தது. இரண்டு பேர் சரக்கை எடுக்க மறுத்துவிட்டார்கள். மீதி நால்வர் தலையில் அது விழுந்தது. அதில் இருவர் சம்பந்திகள். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே நூலில் இறங்குவதாக இருந்தால் நிறுவனமும் வேண்டாம், பொதுப் பணமும் வேண்டாம். ஐந்து பேரும் சேர்ந்து போய் மில்லிடம் ஒரே ரேட் பேசுங்கள். ஒரே ஒரு கவுண்ட் (நூலின் பருமன்), ஒரே ஒரு மாதத் தேவை. மில் ஐந்து பேருக்கும் தனித்தனியாக பில் போடட்டும், அவரவர் பணத்தை அவரவர் கட்டட்டும். யாராவது பின்வாங்கினால் அது அவருக்கும் மில்லுக்கும் இடையிலான விஷயமாகவே நிற்கும். ஒரு வருடம் இப்படி ஓடி, யார் சொன்ன தேதியில் பணம் கட்டுகிறார், யார் இழுக்கிறார் என்று பார்த்த பிறகு நிறுவனத்தைப் பற்றிப் பேசலாம். சீட்டில் சேர்வதற்கு முன்பே ஆளைப் பார்ப்பவர்கள் நாம். இதற்கும் பார்க்க வேண்டும்.

மொத்தக் கொள்முதலில் இன்னொரு ஆபத்து மறைந்திருக்கிறது. இன்று நீங்கள் ஐவரும் ஐந்து இடத்தில் வாங்குகிறீர்கள், ஒருவர் இடத்தில் தடங்கல் வந்தால் மற்றவர் பிழைப்பார். விலைக்காக ஐவரும் ஒரே மில், ஒரே டையிங் என்று போய்விட்டால், அங்கே ஒரு பாய்லர் நின்றால் ஐந்து கம்பெனியும் நிற்கும். உதவிக்கு ஓட ஆளே இருக்காது. டையிங் விஷயத்தில் இன்னும் ஒரு அடி உள்ளே போய்க் கேளுங்கள்: உங்கள் சாயப்பட்டறை எந்தப் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தது, அல்லது சொந்த நிலையம் வைத்திருக்கிறதா? இரண்டு வேறு பட்டறைகள் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள், இரண்டும் ஒரே நிலையத்தில் இணைந்திருக்கும். விற்கும் பக்கமும் இதேதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, அமெரிக்க ஆர்டரை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஏற்றுமதி நிறுவனம் எந்த நாட்டுக்கு அனுப்புகிறது என்று கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

எழுதி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு பக்க ஒப்பந்தம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். எடுத்த சாமானை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் என்ன விலை, சேதமானால் யார் பொறுப்பு, ஒருவர் விலகினால் எப்படிக் கணக்கு முடிப்பது. பிரச்னை இல்லாத நாளில் எழுதினால் இதில் யாருக்கும் முகம் வாடாது. கைமாத்தாக ரோல் கொடுத்து வாங்கும்போதும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதை மறக்க வேண்டாம். தனித்தனிப் பதிவு உள்ள இரண்டு கம்பெனிகளுக்குள் பண்டமாற்றும் சப்ளைதான். பில் போட்டே கொடுங்கள், பில் போட்டே திருப்புங்கள். மெஷினை வாடகைக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. அந்த எலாஸ்டிக்காரர் குணமாகி வந்துவிட்டாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வந்திருந்தால் முதல் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள். எட்டு நாள் பட்டறை பூட்டிக் கிடந்ததில் அவர் இழந்தது உங்களைவிடக் குறைவாக இருக்காது. அவர் மெஷின் நன்றாகத்தான் இருந்தது, ஓட்டத் தெரிந்த ஆளிடம் சாவியும் அளவு நோட்டும் இல்லை, அவ்வளவுதான். அவருக்கு ஒரு மாற்று ஆளைப் பழக்கி வைக்க உங்கள் ஐவரில் யாராவது உதவ முடியுமா என்று பாருங்கள். உங்கள் அகலம், இழுவை, நூல் கணக்கு எல்லாம் ஒரு தாளில் எழுதி உங்களிடமும் ஒரு நகல் இருக்கட்டும். ஐசின் வரைபடத்தைக் கொடுத்ததுபோல் அவரும் கொடுப்பார், அவரை விட்டு ஓடிவிட மாட்டீர்கள் என்ற நம்பிக்கை வந்தால்.

அவருக்குப் பணம் எத்தனை நாளில் கொடுக்கிறீர்கள்? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பெரிய கம்பெனி நமக்குத் தர வேண்டிய பணத்துக்காக இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறோம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வைத்திருந்தால் அவருக்கும் இதே உரிமை நம்மிடம் உண்டு. வருமான வரிக் கணக்கிலும், கெடு தாண்டியிருந்தால், பணத்தைக் கொடுத்த பிறகுதான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். சட்டத்தை விடுங்கள், தேதி தவறாமல் பணம் கொடுக்கிற கம்பெனிக்கு, சரக்குத் தட்டுப்பாடு வரும் நாளில் முதல் ரோல் வந்து சேரும். அவருக்கு ஏதாவது பாக்கி இருந்தால், கூட்டத்துக்குக் கூப்பிடுவதற்கு முன்பே அதைக் கொடுத்து முடித்துவிடுங்கள்.